சைகா-12க்கு எந்த அமெரிக்கப் பாகம் வாங்கலாம்: 922(ஆர்) கணக்கோடு ஒரு விமர்சனம்

ரஷ்யத் தயாரிப்பான சைகா-12 ஷாட்கன்னில் பத்துத் தோட்டா மேகசின் மாட்டவோ மடக்கு ஸ்டாக் போடவோ நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அமெரிக்கத் தயாரிப்பு கேஸ் பக் (சுடும்போது எழும் வாயுவால் போல்ட் கேரியரைப் பின்னால் தள்ளும் சிறு பிஸ்டன்). சந்தையில் இருக்கும் மாற்றுப் பாகங்களில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. மாட்டச் சில நிமிடம் போதும். ஒருமுறை உள்ளே போனால், வெளிநாட்டுப் பாகம் இத்தனைக்கு மேல் கூடாது என்ற சட்டக் கணக்கை விட்டு வெளியே வராது. மேகசினை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள்தான் தெரியாமலே சட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

922(ஆர்) என்ற அமெரிக்க மத்தியச் சட்டப் பிரிவு 1990 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத வடிவில் ஒரு ஷாட்கன்னை, இறக்குமதிப் பாகங்களை வைத்து நாட்டுக்குள்ளே பூட்டக் கூடாது என்பது அதன் சாரம். ரைஃபிளில் செமி ஆட்டோவுக்கு மட்டும் பொருந்துகிற இந்தப் பிரிவு, ஷாட்கன் என்று வந்தால் பம்ப் ரகத்தையும் விடுவதில்லை. எத்தனை பாகம் வரை இருக்கலாம் என்பதை 478.39 என்ற விதி சொல்கிறது. அதில் 20 பாகங்களின் பட்டியல் இருக்கிறது. பூட்டிய துப்பாக்கியில் அந்தப் பட்டியலிலிருந்து 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. தெரிந்தே மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. ஸ்ப்ரிங், பின், சைட், கேஸ் ப்ளக் (பக்கை உள்ளே அடைத்து வைக்கும் மூடி), ட்ரிகர் கார்டு எதுவும் பட்டியலில் இல்லை. ஆகவே "அமெரிக்கத் தயாரிப்பு, 922(ஆர்)க்கு உதவும்" என்று போட்டு கேஸ் ப்ளக் விற்றால் முதல் பாதியை மட்டும் நம்புங்கள்.

இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத வடிவம் எது? ஷாட்கன்னுக்கு ஏ.டி.எஃப். (துப்பாக்கி விதிகளைக் கவனிக்கும் அமெரிக்க மத்தியத் துறை) 2011 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை பத்து அம்சங்களைச் சொல்கிறது. சைகாக்காரருக்கு முக்கியமானவை: மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் ஸ்டாக், ஐந்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின், எந்த அளவானாலும் ட்ரம் மேகசின், முன்கைப் பிடி, ஃப்ளாஷ் சப்ரஸர், ரிசீவர் அல்லது பாரலின் மேல்பக்கம் தவிர வேறு இடத்தில் ரெயில். சாதாரண பிஸ்டல் க்ரிப் இந்தப் பத்தில் இல்லை; பெனெல்லி எம்4 பிஸ்டல் க்ரிப்போடு இத்தாலியிலிருந்து கப்பலேறி வருவதைப் பார்த்தாலே அது புரியும். பெட்டியில் வந்தபடி ஐந்து தோட்டா மேகசினோடு வைத்திருப்பவர் ஒரு பாகமும் மாற்றத் தேவையில்லை. மேற்சொன்ன அம்சங்களில் ஒன்று ஏறிய நிமிடமே எண்ணிக்கை தொடங்குகிறது.

பெட்டியில் வந்த சைகா-12ல் எண்ணிக்கைக்கு உட்பட்டவை 14: ரிசீவர் (துப்பாக்கியின் உடற்கூடு), பாரல், முன் ட்ரனியன் (பாரலை ரிசீவரோடு பிடிக்கும் கட்டை), போல்ட், போல்ட் கேரியர், கேஸ் பிஸ்டன் (பக் என்பது இதுதான்), ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர், பட் ஸ்டாக், ஹேண்ட்கார்டு, மேகசின் உடல், ஃபாலோயர் (தோட்டாவை மேலே தள்ளும் தட்டு), அடித்தட்டு. பாரல் முனையில் வெளிநாட்டுச் சோக் மாட்டினால் 15 என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல் ஐந்தைத் தொட முடியாது. மீதி ஒன்பதில் நான்கை அமெரிக்கச் சரக்காக்க வேண்டும். பிஸ்டல் க்ரிப் புதிதாகச் சேர்ப்பதென்றால், அமெரிக்கத் தயாரிப்பு கணக்கைக் கூட்டாது, குறைக்கவும் செய்யாது. பல்கேரியாவிலிருந்து வந்த க்ரிப் ஒன்றைக் கூட்டும். இதைக் கவனிக்காமல் "அழகாக இருக்கிறதே" என்று வெளிநாட்டு க்ரிப் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய.

இனி பாகங்கள். எம்டி ஆர்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் அமெரிக்க கேஸ் பக்குக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, கேஸ் ப்ளாக்கின் முன்னால் இருக்கும் ப்ளக்கின் பூட்டை அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். முனையைக் கீழே சாய்த்தால் பழைய பக் வழுக்கி வரும். கரி பிடித்து ஒட்டியிருந்தால் போல்ட் கேரியரைப் பின்னால் இழுத்து விட்டால் அது தட்டி வெளியே தள்ளும். உள்ளே கரியைச் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும். புதிய பக் விரல் தள்ளலில் தடையில்லாமல் போய்வர வேண்டும். எங்காவது பிடித்தால் அழுக்கு மிச்சம் இருக்கிறது என்று பொருள், பக்கைத் தேய்க்கப் போகாதீர்கள். ப்ளக்கின் எண்ணையும் கவனியுங்கள்: 1 என்பது மேக்னம் என்ற அதிக வீரியத் தோட்டாவுக்கு, 2 என்பது சாதாரண 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு. 2ல் வைத்து மேக்னம் சுட்டால் கேரியர் தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் போய் மோதும்.

பக் மாற்றினால் லேசான பறவைத் தோட்டாவும் ஓடும் என்ற விளம்பரம் பாதி உண்மைதான். சைகா ஆலையிலிருந்து கேஸ் துளைகள் ஒரே மாதிரி வரவில்லை: சிலவற்றில் மூன்று, சிலவற்றில் நான்கு, சிலவற்றில் கேஸ் ப்ளாக் ஒரு துளையைப் பாதி மறைத்துக்கொண்டிருக்கும். ப்ளக்கும் பக்கும் வெளியே இருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். துளை மறைந்திருந்தால் எந்தப் பக்கும் அதைச் சரிசெய்யாது. அது கன்ஸ்மித் வேலை.

அடுத்தது ட்ரிகர் தொகுதி. டாப்கோ ஜி2 போன்ற தொகுப்பு ஒரே உறையில் ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர் என்று வெளிநாட்டுக் கணக்கில் மூன்றைக் குறைக்கிறது. பக்கோடு சேர்த்தால் நான்கு; துப்பாக்கி சரியாக 10ல் நிற்கும், ரஷ்ய மேகசின் மாட்டினாலும் மாறாது. இதனால்தான் இந்த இரண்டையும் முதல் கொள்முதலாகச் சொல்கிறோம். ஆனால் மாட்டுவது பக் போல எளிதல்ல. இறக்குமதி சைகாவில் ட்ரிகரைப் பின்னால் தள்ளி, இடையில் ஒரு இணைப்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். ஜி2 உட்கார வேண்டுமானால் சைகாவின் மூல வடிவமான ஏ.கே. ரைஃபிளில் இருக்கும் இடத்துக்கே ட்ரிகர் வர வேண்டும். அதற்கு ரிவெட் நீக்கி, புது ட்ரிகர் கார்டும் பிஸ்டல் க்ரிப்பும் போட வேண்டும். போல்ட்டைத் திறந்து நிறுத்தும் நெம்புகோல் புதிய பாகங்களில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். ரிவெட் துளைத்துப் பழக்கமில்லாதவர் கூலி கொடுத்துச் செய்துகொள்வது மேல்.

யார் மாட்டினாலும் தோட்டா இல்லாமல் ஒரு சோதனை கட்டாயம். ட்ரிகரை அழுத்தியே பிடித்துக்கொண்டு போல்ட்டை இழுத்து விடுங்கள். ஹேமரை டிஸ்கனெக்டர் பிடித்து வைத்திருக்க வேண்டும். ட்ரிகரை மெல்ல விட்டால் கிளிக் என்ற சத்தத்தோடு ஹேமர் ட்ரிகரின் கொக்கிக்கு மாற வேண்டும். சேஃப்டி போட்டிருக்கும்போது ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் ஹேமர் அசையக் கூடாது. போல்ட்டோடு ஹேமரும் கூடவே முன்னால் போனால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றாதீர்கள். ஒரு அழுத்தலுக்கு இரண்டு தோட்டா போகும் துப்பாக்கி ஆபத்தானது என்பதோடு, சட்டத்தின் கண்ணில் அது மெஷின் கன் என்ற வேறொரு பெரிய வழக்கு.

ஸ்டாக், ஹேண்ட்கார்டு இரண்டும் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை. கையிருப்பாக வைத்துக்கொள்ள நல்லவை. நாலாபக்கமும் ரெயில் உள்ள அலுமினிய ஹேண்ட்கார்டு மட்டும் சற்று விசித்திரம்: ஒரு பாகத்தைக் குறைத்துவிட்டு, தானே தடைப்பட்ட அம்சமாகவும் நிற்கும். நெஞ்சுக்கு முன்னால் எடை கூடும். தொடர்ந்து சுட்டால் சூடேறும். வெறும் பாலிமர் ஹேண்ட்கார்டே போதும் என்பது எங்கள் தீர்ப்பு.

மேகசின்தான் எல்லாரையும் மயக்குகிறது. எஸ்ஜிஎம் டாக்டிகல் செய்யும் அமெரிக்க மேகசின் ஒன்று வாங்கினால் உடல், ஃபாலோயர், அடித்தட்டு என்று மூன்று எண்ணிக்கை ஒரே அடியில். அமெரிக்க ஸ்டாக் ஒன்றும் சேர்த்தால் நான்கு, வேலை முடிந்தது என்று தோன்றும். மடக்கு ஸ்டாக் போட்ட அதே துப்பாக்கியில் பழைய ரஷ்ய ஐந்து தோட்டா மேகசினைச் செருகுங்கள். மூன்றும் திரும்பி வந்துவிட்டன, இப்போது 13. மேகசின் சின்னதுதானே என்ற வாதம் எடுபடாது, மடக்கு ஸ்டாக் இன்னும் அங்கேயே இருக்கிறது. மேகசின் எண்ணிக்கை அது மாட்டியிருக்கும் வரைக்கும்தான். இரண்டு ரக மேகசினையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ரேஞ்சுக்குப் போகிறவர் மேகசினை விட்டுவிட்டு மற்ற பாகங்களில் நான்கை மாற்றிக் கணக்கை முடிக்க வேண்டும்.

தரத்தைச் சொல்வதானால், பிளாஸ்டிக் மேகசின்கள் சில துப்பாக்கிகளில் நேராக உட்காரும், சிலவற்றில் முன் கொக்கியை லேசாக அரம் போட வேண்டும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்தால் ஆட்டம் கண்டு தோட்டா ஏறாது. போல்ட் மூடியிருக்கும்போது முழுதாக நிரப்பிய மேகசின் ஏறாமல் அடம்பிடிப்பது இந்த வடிவமைப்பின் குணம், மேகசினின் குறை அல்ல. நிரப்பி மாதக்கணக்கில் வைக்கவும் வேண்டாம்: ஸ்ப்ரிங் அழுத்தத்தில் தோட்டாவின் பிளாஸ்டிக் உறை நசுங்கி நீள்வட்டமாகி, சேம்பர் வாயில் திணறும்.

மத்தியச் சட்டக் கணக்கு சரியாக இருந்தாலும் மாநிலம் தனி. கலிஃபோர்னியாவில் கழற்றும் மேகசின் ஏற்கும் செமி ஆட்டோ ஷாட்கன் என்றாலே தடைப்பட்ட "அசால்ட் வெப்பன்" ரகம். நியூயார்க்கிலும் 2013 சட்டத்துக்குப் பின் அப்படித்தான். எத்தனை அமெரிக்கப் பாகம் போட்டாலும் அங்கே மாறாது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். க்ரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

அமெரிக்கா விதித்த 2014 ஜூலைத் தடைக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து சைகா வருவதில்லை, ஆகவே கைமாறிய துப்பாக்கிதான் கிடைக்கும். கலாஷ்னிகோவ் யுஎஸ்ஏவின் கேஎஸ்-12 அமெரிக்காவிலேயே தயாராவது. அதை வாங்கினால் இந்த எண்ணிக்கைத் தலைவலி இல்லை. பழைய சைகாவையே வாங்குவதென்றால், முன்னவர் மாற்றிய பாகங்களை நீங்களே எண்ணுங்கள். மேல்மூடியைக் கழற்றி ஹேமரிலும் ட்ரிகரிலும் தயாரிப்பாளர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளக்கைத் திறந்து பக்கையும் பாருங்கள். பாகத்தில் முத்திரை இருந்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஆனால் முத்திரையும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் இருந்தால் அதை ரஷ்யப் பாகம் என்றே எண்ணுங்கள். எண்ணி வந்தது 10ஐத் தாண்டினால், குறைகிற பாகங்களின் விலையையும் கூலியையும் கழித்து விலை பேசுங்கள்.