ஆறு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் ஷீல்ட் பெட்டி

லண்டனுக்குப் படிக்கப் போன தம்பி முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தது 2019 டிசம்பரில். சூட்கேஸைத் திறந்து அம்மாவுக்கு ஸ்வெட்டர், எனக்குக் கைப்பை என்று எடுத்துக் கொடுத்தவன், கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். என்விடியா ஷீல்ட் டிவி ப்ரோ, இணையத்தில் வரும் படங்களை டிவியில் காட்டும் பெட்டி. அந்த ஒக்டோபரில்தான் சந்தைக்கு வந்திருந்தது. 2025 டிசம்பரோடு அதற்கு ஆறு வயது. பாடசாலையில் கூட வேலை செய்கிற டீச்சர்மார், "டிவிக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இதற்கு முன்பு எங்களிடம் இருந்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017இல் டவுனில் ஒரு கடையில் 8,500 இலங்கை ரூபாய்க்கு வாங்கியது. பெட்டியின் மேல் 4கே, அதாவது மிகத் தெளிவான படம், என்று பெரிதாகப் போட்டிருந்தது. நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் படம் மங்கலாகத்தான் வரும். அதற்குக் காரணம் எங்கள் இணையம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். வைட்வைன் என்ற பாதுகாப்புப் பூட்டின் முதல் நிலை அனுமதி இல்லாத பெட்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் நல்ல தரத்தில் படத்தைத் தராது என்று தம்பி பிறகுதான் விளக்கினான். அப்டேட் இருக்கிறதா என்று எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும் ஒன்றும் வராது. இரண்டாவது வருடம் யூடியூப் திறக்கவே மறுத்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். "இதுக்கு ஒன்னும் செய்ய ஏலாது மிஸ், புதுசு ஒன்னு எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் ஒரு பாகமும் பழுதாகவில்லை. மென்பொருளைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். 8,500 ரூபாய் என் சம்பளத்தில் எவ்வளவு பெரிய துண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஷீல்ட் விஷயத்தில் நான் முதலில் பேச விரும்புவதும் அதனால்தான் அப்டேட் பற்றி. இந்த வரிசையின் முதல் பெட்டி 2015 மே மாதம் அண்ட்ரொய்ட் 5உடன் வந்தது. அதே 2015 பெட்டிக்கு 2022 ஜனவரியில் அண்ட்ரொய்ட் 11 போய்ச் சேர்ந்தது. கிட்டத்தட்ட ஏழு வருடம் பழைய பெட்டிக்கு! கையில் இருக்கும் போனுக்கே இரண்டு மூன்று வருடத்தில் அப்டேட் நின்றுவிடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். எங்கள் 2019 பெட்டி அண்ட்ரொய்ட் 9உடன் வந்தது. அதே 2022 ஜனவரியில் 11 ஆனது. பிறகும் சின்னச் சின்ன அப்டேட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2025 பெப்ரவரியில், ஷீல்ட் மென்பொருளின் தனிக் கணக்கில் 9.2 என்ற பதிப்பு வந்தது. டேட்டா கணக்குப் பார்க்கிற வீடு எங்களுடையது. அதனால் அப்டேட் என்று வந்தால் இரவு 12 மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, நைட் டேட்டாவில் இறக்குவேன்.

அப்டேட் இல்லாவிட்டால் ஆப் திறக்காது என்பதோடு இந்தக் கதை முடிவதில்லை. மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெட்ட மென்பொருள் உள்ளே இருக்கிறது. பேட்பாக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. அப்படிப்பட்ட பெட்டி நம் வீட்டு இணைய இணைப்பை நமக்குத் தெரியாமல் வேறு யாருக்கோ திறந்துவிடும். அதே வைஃபையில்தான் நான் போனில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறேன். பெயர் தெரியாத பெட்டியை நான் இனி யாருக்கும் சொல்லமாட்டேன்.

சரி, மலைநாட்டு வாழ்க்கையில் இது எப்படித் தாக்குப்பிடித்தது? தம்பி வாங்கியது இங்கிலாந்துப் பெட்டி என்பதால் சதுர முள் பிளக். எங்கள் வீட்டில் அப்போது உருண்டை முள் பிளக் பாயின்ட்தான், ஆகவே அடப்டர் போட்டோம். இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடி எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் இருண்டுவிடும். அப்படி எத்தனை தடவை அணைந்திருக்கும் என்று எண்ணவே முடியாது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும்பும், ஒரு நாளும் தடுமாறவில்லை. இடி மின்னலுக்கு மட்டும் நாங்கள் எதையும் நம்புவதில்லை. ஏப்ரலிலும் ஐப்பசியிலும் மத்தியானம் வானம் கறுத்தாலே அம்மா எழும்பிப் போய் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவா. பழைய டிவி ஒன்று அப்படித்தான் போனது.

நான்காவது வருடம் உள்ளே இருக்கும் காற்றாடி இரைய ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் விறகு அடுப்பும் உண்டு. புகையும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தன. ஹட்டனில் போன் திருத்துகிற தம்பி ஒருவர் திறந்து, தூரிகையால் துடைத்து 1,500 ரூபாய் வாங்கினார். ஆறு வருடத்தில் பெட்டிக்கு நான் செய்த செலவு அவ்வளவுதான், ரிமோட்டின் சின்ன பட்டரி இரண்டையும் இடைக்கிடை மாற்றியதைத் தவிர. அந்த ரிமோட் முக்கோண வடிவம், கையில் எடுத்தால் பொத்தான்கள் ஒளிரும். அம்மா அதைக் கம்பளிக்குள் வைத்துவிட்டுத் தேடுவா. போனில் உள்ள ஆப்பில் தட்டினால் ரிமோட் சத்தம் போடும். சின்ன வசதிதான், ஆனால் எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை உதவுகிறது.

படத்தின் தரத்துக்கு வருவோம். குறைந்த தரப் படத்தை 4கே அளவுக்குச் செயற்கை நுண்ணறிவால் தீட்டிக் காட்டும் வசதி 2019 பெட்டிகளில் உண்டு. டேட்டா குறைவான வீட்டுக்கு இது பெரிய கொடை. நாங்கள் பெரும்பாலும் 720பி என்ற குறைந்த தரத்தில்தான் பார்க்கிறோம், 43 அங்குலத் திரையில் அது தெளிவாகவே தெரிகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அம்மா யூடியூபில் நேரலை பார்ப்பா. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த கால், இப்போது யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் போக விடுவதில்லை. இந்த வருடம் 24ஆம் நாள் தேர் அசைந்தபோது அவ டிவிக்கு முன்னால் எழும்பி நின்று கும்பிட்டா. பழைய படப் பாடல்களில் மட்டும் இந்தத் தீட்டலைக் குறைத்து வைப்பது நல்லது, கூட்டினால் முகங்களின் ஓரம் கோடு போட்டது போல ஆகிவிடுகிறது.

இணையமே இல்லாத நாட்களுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறேன். ப்ரோவில் பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி 3.0 துளைகள் உண்டு. ஒன்றில் 2 டிபி ஹார்ட் டிஸ்க். தங்கையின் கலியாண வீடியோ, தோட்டத்துக் கோயில் திருவிழா, பிள்ளைகளுக்கான பாடங்கள் எல்லாம் அதில். விஎல்சி என்ற வீடியோ ஆப்பில் ஓடும். நீங்கள் வாங்குவதானால், குழாய் வடிவத்தில் வரும் சின்ன ஷீல்டை விட்டுவிட்டு ப்ரோவையே எடுங்கள். சின்னதில் யூஎஸ்பி கிடையாது, நினைவகமும் 3 ஜிபிக்குப் பதில் 2 ஜிபி.

குறைகளும் உண்டு. உள் சேமிப்பு 16 ஜிபி மட்டும், அதில் அண்ட்ரொய்ட் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான். ஏவி1 என்ற புதிய வீடியோ முறையை இதன் சிப் நேரடியாக வாசிக்காது. யூடியூப் இப்போதைக்குப் பழைய முறையிலும் தருவதால் பிரச்சினை இல்லை, நாளைக்கு எப்படியோ. 2019க்குப் பிறகு புதிய மாடலும் வரவில்லை. அப்புறம் விலை. வெளிவந்தபோது அமெரிக்காவில் 199.99 டொலர். 2020 ஆரம்பத்தில் நம் காசில் அது கிட்டத்தட்ட 36,000 ரூபாய், 2025இல் கிட்டத்தட்ட 60,000. தம்பி கொண்டுவந்திராவிட்டால் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு காசு போடமுடியாதவர்கள் ஷீல்டைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஆனால் கடைக்காரரிடம் நெட்ஃபிளிக்ஸ் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியைச் செருகச் சொல்லி, செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் திகதியைக் காட்டச் சொல்லுங்கள். அது இரண்டு வருடம் பழையதாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தம்பி போன மாதம் பேசும்போது, "புதுசு ஒன்னு அனுப்பவா அக்கா?" என்று கேட்டான். வேண்டாம், இன்னொரு ஹார்ட் டிஸ்க் மட்டும் கொண்டுவா என்றேன்.