42 ஆம்பியர் என்று விற்ற பேட்டரி 1.3 யூனிட்டில் நிறைந்துவிட்டது

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குப் பேட்டரி மாற்றப் போகிறவர்கள், முக்கியமாக நீலகிரியில் இருந்து கீழே போய் மாற்றுகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 36,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை விடாமல் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கேத்தி. வீட்டோடு சின்ன பேக்கரி. காலையில் வர்க்கியும் பன்னும் டின்னில் அடைத்து, ஒரு நாள் குன்னூர், மறுநாள் ஊட்டி என்று கடைகளுக்குக் கொண்டு போவேன். வண்டி 2021-ல் வாங்கியது. 60 வோல்ட், 30 ஆம்பியர் ஹவர் (பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, பேச்சில் வெறும் ஆம்பியர் என்போம்), எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. மூன்று வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு டிசம்பரில் ரேஞ்ச் திடீரென்று இறங்கியது. ஊட்டி போய்த் திரும்புவதற்குள் டிஸ்ப்ளேயில் சார்ஜ் காட்டும் கடைசிக் கட்டை மின்ன ஆரம்பித்துவிடும்.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். குளிரில் எந்த லித்தியம் பேட்டரியும் குறைவாகத்தான் கொடுக்கும், வெயில் வந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். அது எனக்குத் தெரியாது. அதோடு, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த இரவுகளில்கூட திறந்த ஷெட்டிலேயே சார்ஜ் போட்டிருக்கிறேன். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் உலோகமாகவே படிந்துவிடும். அந்த இழப்பு திரும்பாது. உறைபனி விழும் மாதங்களில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதன் குளிர் விட்ட பிறகு சார்ஜ் போடுங்கள். மேடு ஏறி வந்து சூடாக இருக்கும்போதும் உடனே போட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். இந்த இரண்டையும் முன்பே செய்திருந்தால் நான் கடைக்கே போயிருக்க மாட்டேனோ என்னவோ.

சரி, கீழே இருந்த அந்தக் கடைக்கு வருகிறேன். கடைக்காரர் ஒரு மீட்டரை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, "செல்லு எல்லாம் போச்சுங்க. இதைச் சரி பண்றது வேஸ்ட்டு" என்றார். அந்த மீட்டர் காட்டியது வோல்ட் மட்டும்தான். பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பது வோல்ட்டில் தெரியவே தெரியாது. முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, வரிசை வரிசையாக செல்களை அளந்தால்தான் தெரியும். அதற்கு ஒரு நாள் ஆகும். ஒரு நிமிடத்தில் தீர்ப்பு சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"அதே 30 எதுக்குங்க தம்பி? மலையில ஓட்டறீங்க, 42 போட்டுக்குங்க. அதே எல்எஃப்பிதான், மூணு வருஷம் கேரண்டி" என்றார். விலை 40,000. பழையதுக்கு 4,000 கழித்து 36,000. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் கூட ஆகுங்களே" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் எழுதி சீல் குத்திக் கொடுத்தார். பழைய பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் குன்னூரில் சரக்கு இறக்கிவிட்டு நேராக ஊட்டிக்கு ஏறினேன். எல்லநள்ளி தாண்டி ஒரு மேட்டில், டிஸ்ப்ளேயில் ஐந்து கட்டையில் மூன்று நிற்கும்போதே மோட்டார் நின்றது. நல்ல மூடுபனி, பின்னால் லாரி. ஓரம் கட்டி சீட்டைத் தூக்கினால் சூடு முகத்தில் அடித்தது. பத்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது, இருநூறு மீட்டர் போய் மறுபடி நின்றது. மேட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். செல்கள் பலவீனமாக இருந்தால் அந்த நேரத்தில் வோல்ட் சரிந்துவிடும், பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் இணைப்பை வெட்டிவிடும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது, அதனால்தான் மலைக்காரர்களை ஏமாற்றுவதில் அவர்களுக்குக் கூடுதல் தைரியம் என்று நினைக்கிறேன். நாம் திரும்பிப் போவதற்குள் ஒரு மாதம் ஆகிவிடும்.

அன்று இரவு ஒரு வேலை செய்தேன். யாரும் செய்யலாம். பேட்டரி முழுதாக இறங்கிய பிறகு, வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஈபி மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டு சார்ஜ் போட்டேன். 60 வோல்ட்டை 42-ஆல் பெருக்கினால் 2,520 வாட் ஹவர், அதாவது இரண்டரை யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 2.8 யூனிட் பக்கம் ஓட வேண்டும். நாலு மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மீட்டரில் ஏறியிருந்தது 1.3 யூனிட்.

அப்புறம் பெட்டியை மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 13 கிலோ சொச்சம். 6 ஆம்பியர் எல்எஃப்பி செல் ஒன்றே ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். 60 வோல்ட்டுக்கு 20 வரிசை, 42 ஆம்பியருக்கு வரிசைக்கு 7, ஆக 140 செல். செல் மட்டுமே இருபது கிலோவை நெருங்க வேண்டும். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

உண்மை அவர்கள் கொடுத்த சார்ஜரிலேயே அச்சாகியிருந்தது. அவுட்புட் 67.2 வோல்ட். எல்எஃப்பி செல் நிறைவது 3.65 வோல்ட்டில். 67.2-ஐ 3.65-ஆல் வகுத்தால் முழு எண் வராது. 4.2-ஆல் வகுத்தால் சரியாக 16 வருகிறது. 4.2-ல் நிறைவது வேறு வகை லித்தியம் அயான் செல். 20 வரிசை எல்எஃப்பி என்றால் சார்ஜர் 73 வோல்ட் என்று இருக்க வேண்டும்.

ஊட்டியில் ஒரு மெக்கானிக் அண்ணன் என் கண் முன்னால் பெட்டியைத் திறந்தார், வீடியோ எடுத்துக்கொண்டேன். இதை வீட்டில் யாரும் செய்யாதீர்கள், ஸ்க்ரூ டிரைவர் தவறி விழுந்தால் போதும், ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உள்ளே 18650 என்ற அளவில் வரும் விரல் போன்ற செல்கள், எல்லாம் பளபளவென்று புது நீல உறையில். ஒன்றின் உறையைக் கீறினார், கீழே மங்கிய பச்சையில் இன்னொரு உறை. செல்லின் முனையில் பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்த தழும்பு, அதன் மேலேயே புது வெல்டிங். வேறெங்கோ ஓடித் தேய்ந்த செல்களைப் பொறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். "இதை வெச்சு நீ மலை ஏறியிருக்கே, நல்ல வேளை தம்பி" என்றார். எனக்கு அப்போதுதான் கை நடுங்கியது. அந்தப் பெட்டியைத்தான் இரவெல்லாம், என் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்து ஷெட்டில் சார்ஜ் போட்டிருந்தேன்.

2022-ல் ஸ்கூட்டர்கள் பல இடங்களில் தீப்பிடித்த பிறகு, ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. என் பெட்டியில் அந்தச் சான்றும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஒரு ஸ்டிக்கர் மட்டும்தான்.

கடைக்குப் போன் செய்தேன். "மலையில ஏத்தி ஓட்டினா நாங்க பொறுப்பாக முடியாதுங்க" என்றார். மலைக்கு என்று சொல்லித்தான் 42-ஐ விற்றார். பழைய பேட்டரியையாவது கொடுங்கள் என்றேன், அது அன்றைக்கே போய்விட்டதாம். எனக்கு மிகவும் வலிப்பது அதுதான். ஒரு வரிசை மட்டும் பழுதாகியிருந்தால் அதைச் சரிசெய்தே இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பழையதை அளந்து பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் விடாதீர்கள்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பிறகு ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிபேயில் அனுப்பிய ரசீது, எஸ்டிமேட் சீட்டு, சார்ஜர் படம், வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். முறையான பில் இருந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

புதிதாக வாங்கப்போவது அதே 60 வோல்ட் 30 ஆம்பியர்தான். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. நானும் வண்டியும் டின்னும் சேர்ந்து 200 கிலோ. அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஆகும் மின்சாரம் கால் யூனிட்டுக்கும் குறைவு. மோட்டார், டயர் இழப்பையெல்லாம் சேர்த்து மூன்று மடங்கு வைத்தாலும் 0.7 யூனிட் தாண்டாது. 30 ஆம்பியரில் 1.8 யூனிட் இருக்கிறது. 42 எனக்குத் தேவையே இல்லை. மேட்டில் தேவை, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று எழுதித் தரப்பட்ட பிஎம்எஸ்ஸும் புது செல்களும். மெக்கானிக் அண்ணன் வழியாக, வண்டி தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே பில்லோடு கேட்டிருக்கிறேன். வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை வர்க்கி டின் பஸ்ஸில்தான் போகிறது.