ஒலிக்காக அல்ல, பிடிக்காக: நியூட்ரிக் கனெக்டர்களுடன் என் அனுபவம்

வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் நண்பர் ஒருவர், தம் கேபிள்களின் முனைகளையெல்லாம் நியூட்ரிக் என்னும் நிறுவனத்தின் கனெக்டர்களாக மாற்றலாமா, அந்தச் செலவுக்கு ஒலியில் வித்தியாசம் தெரியுமா என்று அண்மையில் கேட்டார். ஒலியில் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் நான் மாற்றினேன். மாற்றி நெடுநாள் ஆகியும் அதில் எனக்கு முழுத் திருப்தி இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை கோபம் தணியவில்லை.

என் வீடு சென்னையில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலும் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் பதிவு செய்கிறேன். மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு கண்டென்சர் மைக், தொப்பிப் பக்கம் ஒன்று. தொப்பிப் பக்கத்து மைக்கின் ஸ்டாண்டைச் சற்று நகர்த்தினாலும் ‘கரகர’வென்று ஓர் ஓசை எழும், சில வேளைகளில் மைக் அடியோடு மௌனமாகிவிடும். கேபிளின் முனையைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. விலை மலிவான அந்த எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரில் (மைக்குகளுக்கு வழக்கமான, ‘பின்’ எனப்படும் மூன்று தொடுமுனைகள் கொண்டது), கேபிளைப் பிடிப்பதற்கென்று இருந்தது இரண்டு திருகுகளால் அழுத்தப்பட்ட ஒரு சிறு தகடுதான். திருகுகள் தளர்ந்ததும் கேபிளை இழுக்கும் விசை முழுவதும், கம்பியை ஈயத்தால் பற்றவைத்த இடத்தின் மீது விழுந்திருக்கிறது. உட்கம்பிகளைச் சுற்றியுள்ள உறைக்கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, இரண்டு மூன்று மட்டுமே முதல் பின்னில் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்டென்சர் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் (பேண்டம் பவர்) இரண்டாம், மூன்றாம் பின்கள் வழியாகச் சென்று முதல் பின் வழியாகவே திரும்ப வேண்டும் என்பதால், அந்த இழைகள் விட்டுவிட்டுத் தொட்டால் மைக்கும் விட்டுவிட்டுத்தான் பேசும்.

நியூட்ரிக்கின் எக்ஸ்.எக்ஸ். வரிசைக் கனெக்டரில் திருகே கிடையாது. உலோக உறை, பின்கள் அமைந்த உட்பகுதி, கேபிளைக் கவ்வும் பிளாஸ்டிக் கவ்வி, பின்புற மூடி ஆகிய நான்கே பாகங்கள்தான். மூடியை முறுக்க முறுக்க, கவ்வியின் தாடைகள் நெருங்கி வந்து கேபிளின் மேலுறையைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்குகின்றன. 3.5 முதல் 8 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள எந்தக் கேபிளும் இதில் அடங்கும். இழுத்தால் இழுப்பு மேலுறையோடு நின்றுவிடுகிறது. பற்றவைத்த இடத்தை அது எட்டுவதே இல்லை. இந்தப் பிடி ஒன்றுக்காகவே நான் கொடுத்த விலை தகும் என்பேன். மாற்றியபின் தொப்பி மைக்கிலிருந்து அந்தக் கரகரப்பு ஒரு முறைகூட எழவில்லை. வாசிப்பவர் உற்சாகத்தில் கேபிளைக் காலால் இடறிவிடுகிற கச்சேரிப் பதிவுகளும் இதில் அடக்கம்.

பற்றவைக்கும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 63க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகி உடனே உறைந்துவிடுவதால், கை நடுங்கினாலும் இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. பின்னின் குழியில் முதலில் ஈயத்தை நிரப்பி, கம்பி நுனிக்கும் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்தால் ஓரிரு வினாடிகளில் வேலை முடிந்துவிடும். பற்றவைக்கும் அயர்னை அதிகநேரம் வைத்திருந்தால் உட்பகுதியின் பிளாஸ்டிக் இளகி, அதிலுள்ள பின்கள் சாய்ந்துவிடக்கூடும். அதனால் எதிர்முனைக்குரிய கனெக்டர் ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டே பற்றவைப்பது என் வழக்கம். மூடியையும் கவ்வியையும் முன்னதாகவே கேபிளில் கோத்துவிட வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தங்கமுலாம் பூசியதா, வெள்ளி பூசியதா என்ற கேள்வியும் நண்பரிடமிருந்து வந்தது. தொடுமுனையின் மின்தடை மில்லிஓம் கணக்கில் இருக்க, மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் பிரீஆம்ப்பின் உள்ளீட்டுத் தடை ஆயிரக்கணக்கான ஓம் என்னும்போது, எந்த உலோகம் என்பதைக் காது அறிய வழியில்லை. வெள்ளி நாளடைவில் கறுக்கும், தங்கம் கறுக்காது, வித்தியாசம் அவ்வளவே. செருகி எடுக்கும்போது அந்தக் கறுப்பு உரசலில் நீங்கிவிடும். எனவே அடிக்கடி செருகி எடுக்கும் மைக் கேபிள்களுக்கு வெள்ளியையும், மாதக்கணக்கில் யாரும் தொடாமல் மானிட்டர் ஸ்பீக்கர்களின் பின்புறத்தில் கிடக்கும் கேபிள்களுக்குத் தங்கத்தையும் தேர்ந்தெடுத்தேன். தங்கமுலாம் ஒலியை ‘இனிமையாக்கும்’ என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். மைக்கில் மாட்டும் முனையில் பூட்டு இருக்கிறது. ‘டக்’கென்று விழுந்துவிட்டால் விரலால் அழுத்தாமல் வெளியே வராது. ஆனால் மறுமுனையைப் பூட்டவேண்டிய நாக்கு, சாதனத்தின் துளையில் இருக்க வேண்டியது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் ஆடியோ இன்டர்ஃபேஸின் முகப்பில் இருப்பவை எக்ஸ்.எல்.ஆரையும் 6.35 மில்லிமீட்டர் ஜாக்கையும் ஒருசேர ஏற்கும் கோம்போ துளைகள். அவற்றில் பூட்டே வைக்கவில்லை. பூட்டுள்ள கோம்போ துளைகள் சந்தையில் இல்லாதவையா என்றால், அதுவும் இல்லை. தயாரிப்பாளர் சிக்கனம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். பாடகர் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது கேபிள் லேசாக இழுபட்டால், எவ்வளவு பிடிப்பாகக் கவ்விய கனெக்டராக இருந்தாலும் முழுசாகத் துளையிலிருந்து நழுவி வந்துவிடுகிறது. பேண்டம் பவர் இயங்கும்போது அப்படி நழுவினால் ஹெட்போனில் விழும் அடி, அணிந்திருப்பவரின் காதைப் பதம் பார்க்கும். நல்ல கனெக்டரை வாங்கி, கவனமாகப் பற்றவைத்து, கடைசியில் அதைப் பூட்டில்லாத ஒரு துளையில் செருக வேண்டியிருப்பது எனக்கு ஒவ்வொரு பதிவிலும் ஆற்றாமையாகவே இருக்கிறது. கேபிளை மேசையின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவைத்துச் சமாளிக்கிறேன்.

ஆகவே, இவ்வளவு புகழ்ந்தபின்னும் எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நண்பருக்கு நான் சொல்லமாட்டேன். மைக் பக்க முனைகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். இழுப்பும் அசைவும் அங்கேதான் அதிகம். இன்டர்ஃபேஸ் பக்க முனை பழுதாகாமல் இருக்கும்வரை அதைத் தொட வேண்டாம். மிச்சமாகும் பணத்தை, முகப்பில் பூட்டு வைத்த இன்டர்ஃபேஸ் ஒன்றுக்காகச் சேர்த்துவையுங்கள்.