மூன்று மாடிக்கு மூன்று மெஷ் பெட்டிகள்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

எங்கள் வீடு தரைத்தளத்தோடு மேலே இரண்டு மாடிகள் கொண்டது. ஃபைபர் இணைப்பு தரைத்தளக் கூடத்துக்கு வருகிறது. இரண்டாம் மாடி அறையில்தான் என் மனைவி மாலை வேளைகளில் இணையவழியே வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். ஒற்றை ரூட்டரின் சிக்னல் இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி மேலே ஏறாததால், மூன்று பெட்டிகள் கொண்ட இருபட்டை மெஷ் தொகுப்பு ஒன்றை வாங்கினோம்; இரண்டு வைஃபை அலைப்பட்டைகளில் இயங்கும் இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுவதும் ஒரே வலையமைப்பைத் தருகின்றன. நான் சொல்லப்போகும் குறை இந்த வகைத் தொகுப்புகளுக்குப் பொதுவானது என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நிறுவுவது எளிதாக இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று பெட்டிகளும் ஒரே பெயரில் இயங்கத் தொடங்கின; வீட்டின் எந்த மூலையிலும் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. மாடி ஏறும்போது கைபேசி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு மாறுவதும் பெரும்பாலும் உறுத்தவில்லை. பரப்பளவை மட்டும் பார்த்தால் இதற்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம்.

சிக்கல் சேவைத் தரத்தில், அதாவது எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்ற ஒழுங்கில், இருந்தது. ஒரு நாள் மனைவி சரளி வரிசையைப் பாடிக்காட்ட, சிங்கப்பூரில் இருக்கும் மாணவி 'ஸ ரி க' என்று தொடங்கி, மத்திமத்தை விட்டுவிட்டு நேராகப் பஞ்சமத்துக்குப் போனாள். குழந்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து இவர் மூன்று முறை திருத்தினார். பிறகுதான் புரிந்தது, அந்தக் குழந்தை தன் காதில் விழுந்ததை அப்படியே பாடியிருக்கிறாள். மத்திமம் அவளை எட்டவே இல்லை. அதே நேரத்தில் முதல் மாடியில் என் மகன் கைபேசியிலிருந்த படங்களையெல்லாம் இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மடிக்கணினியிலிருந்து தரைத்தளப் பெட்டிக்கு பிங் (பதில் திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிப் பார்த்தேன். வீடு அமைதியாக இருந்தபோது 10 மில்லிநொடிக்குள் பதில் வந்தது. மகன் படங்களை ஏற்றத் தொடங்கியதும் அது 400-ஐத் தாண்டியது, அதுவும் நிலையாக இல்லாமல் ஏறி இறங்கியது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிநொடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. எங்கள் வீட்டு மாடிப்படியைக் கடப்பதற்குள்ளேயே அந்த வரம்பு கரைந்துபோனது.

காரணம் மெஷ் அமைப்பிலேயே இருக்கிறது. இருபட்டைப் பெட்டிகளில் நம் கருவிகளோடு பேசுவதும், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடக்கின்றன. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மடிக்கணினியிலிருந்து மேல்பெட்டிக்கு, அங்கிருந்து நடுப்பெட்டிக்கு, அங்கிருந்து கீழ்ப்பெட்டிக்கு என்று ஒரே தரவுப் பொதி (தரவின் சிறு துண்டு) மூன்று முறை காற்றில் போவதால் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும் என்பதால் அந்த வேகக்குறைவு வகுப்பைப் பாதிக்கவில்லை, பாதித்தது பொதிகளின் காத்திருப்பு வரிசைதான். மகனின் படங்கள் நடுப்பெட்டியில் குவிந்து கிடக்க, மேலிருந்து வந்த குரல் அவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

செயலியில் 'முன்னுரிமைக் கருவி' என்று ஒரு வசதி உண்டு, விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படுவதும் அதுதான். மடிக்கணினிக்கு அதை இயக்கிப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. அந்த ஏற்பாடு கீழ்ப்பெட்டியில், இணைய இணைப்பின் வாசலில் மட்டும் வேலை செய்வதாகவே தெரிகிறது. எங்கள் நெரிசலோ நடுமாடியில். வாசலில் எவ்வளவு ஒழுங்காகக் காவல் நின்றாலும், மாடிப்படியில் முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு அதனால் என்ன பயன்?

காற்றில் முன்னுரிமை தரும் முறை வைஃபையில் இல்லாமல் இல்லை. 2005-இல் வந்த 802.11இ என்ற வைஃபை தரத்தையொட்டி குரல், காணொளி, சாதாரணம், பின்னணி என நான்கு வகுப்புகள் உள்ளன. குரல் வகுப்புப் பொதிக்குக் காத்திருப்புச் சாளரம், அதாவது அனுப்பும் முன் காத்திருக்க நேரும் சிறு நேரத்துண்டுகளின் உச்ச எண்ணிக்கை, 3-இல் தொடங்கி 7-இல் நின்றுவிடும். சாதாரணப் பொதிக்கு அது 15-இல் தொடங்கி 1023 வரை விரியக்கூடும். ஆனால் பொதியின் மீது உரிய குறி இருந்தால்தான் இந்தச் சலுகை கிடைக்கும், பல அழைப்புச் செயலிகள் அந்தக் குறியை இடுவதே இல்லை. இட்டாலும், குரலுக்குரிய 46 என்ற குறியின் (இரும எண்ணில் 101110) முதல் மூன்று பிட்டுகளை மட்டும் படிக்கும் பெட்டிகள் அதை 5 என்று எடுத்துக்கொண்டு காணொளி வகுப்பில் சேர்த்துவிடுகின்றன. இதைச் சரிசெய்யும் வழிகாட்டுதல் 2018-இலேயே ஆர்.எஃப்.சி. 8325 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்துவிட்டது. எங்கள் பெட்டி அதைப் பின்பற்றுகிறதா என்று கேட்டபோது, வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் பெட்டியைச் சன்னலருகே வைக்கச் சொன்னார். அந்தப் பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, ஏனெனில் இது சிக்னல் பிரச்சினை அல்ல என்று அளவீடுகளோடு அனுப்பியிருந்தேன்.

தீர்வு கேபிளில் கிடைத்தது. சுவருக்குள் பழைய கேபிள் டிவிக்காகப் போட்டிருந்த குழாய் வழியே எலக்ட்ரீஷியன் ஒரு கேட்-6 வலையமைப்புக் கேபிளை இழுத்து, மேல்பெட்டியை நேராகக் கீழ்ப்பெட்டியோடு இணைத்தார். வகுப்பின் குரல் இப்போது நடுப்பெட்டி வழியே போவதில்லை. மகன் படங்களை ஏற்றும்போதும் பிங் 30 மில்லிநொடியைத் தாண்டுவது அரிது; சரளி வரிசை முழுதாகப் போய்ச் சேருகிறது.

கேபிள் இழுக்க வழியுள்ள வீட்டுக்கு இந்த இருபட்டைத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வழியே இல்லையென்றால், பெட்டிகளுக்கு இடையிலான பேச்சுக்கென்றே தனிப்பட்டை ஒதுக்கும் முப்பட்டைத் தொகுப்புக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். அப்போதும் பெட்டிகளைச் சங்கிலியாக வைக்காமல், மற்ற இரண்டும் முதன்மைப் பெட்டியோடு நேரடியாகப் பேசும்படி வைப்பது நல்லது. எங்கள் முதல் மாடிப் பெட்டிக்கு இன்னும் கேபிள் போகவில்லை. அங்கே காணொளி அழைப்பு திக்கித் திணறும்போதுகூட, அதன் விளக்கு எல்லாம் சரியாக இருப்பதாக நீல நிறத்திலேயே எரிந்துகொண்டிருக்கிறது.