சயின்ஸ் கிட் பெட்டி: சாமானுக்கு 4 ஸ்டார், புக்லெட்டுக்கு ஒண்ணு கூட கிடையாது

நாங்க ரெண்டு பேரு சேந்து அக்கம்பக்கத்து பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சயின்ஸ் கிளாஸ் எடுக்குறோம். போர்டும் இல்ல நோட்டும் இல்ல, கையால செஞ்சு பாக்குறது மட்டும் தான். 8 வயசுலேர்ந்து 13 வரைக்கும் 14 பேர் வர்றாங்க. இத்தனை நாள் ஸ்ட்ரா, பலூன், உடைஞ்ச பொம்மைல கழட்டுன மோட்டர்னு ஓட்டிட்டு இருந்தோம், இந்த தடவ சோம்பேறித்தனத்துல ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் கிட் ஆர்டர் பண்ணிட்டேன். கம்பெனி பேரு வேணாம். மேல '30 சோதனைகள்'னு கொட்டை எழுத்துல போட்டு வரும்ல, அந்த டைப்.

சாமானெல்லாம் உண்மையிலேயே நல்லா இருக்கு, அத முதல்ல சொல்லிடுறேன். லென்ஸ் ரெண்டும் கண்ணாடி, பிளாஸ்டிக் இல்ல. செம்புக் கம்பி தாராளமா குடுத்துருக்காங்க. ஆனா 30 சோதனைய எண்ணிப் பாத்தா 19 தான் வருது, அதுலயும் நாலு 'படத்துக்கு கலர் அடி'. இதுல என்ன சோதனைன்னு எனக்கு இன்னும் புரியல.

முதல் நாளே எல்ஈடி எரியல. குடுத்துருக்குறது வெள்ளை எல்ஈடி, அதுக்கு கிட்டத்தட்ட 3 வோல்ட் வேணும், பெட்டில இருக்குறது 1.5 வோல்ட் செல்லு ஒண்ணே ஒண்ணு, எங்க போய் எரியும். ஒரு பையன் பல்பு ஃபியூஸ்னு தூக்கிப் போட்டுட்டான். சுவர் கடிகாரத்துல இருந்த செல்ல கழட்டி வரிசையா சேத்து வச்சதும் லேசா எரிஞ்சுது, ரெண்டு பேருக்கு அப்பவும் எரியல, திருப்பி வச்சதும் எரிஞ்சிடுச்சு. நீளமான கால் தான் ப்ளஸ்னு நான் சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டாங்க.

அடுத்து மோட்டர். செல்லோட ரெண்டு முனைலயும் ஊக்கு மாட்டி, அதுல கம்பிச்சுருள தொங்கவிட்டு, கீழ காந்தம் வச்சா சுத்தணும். புக்லெட்ல 'கம்பியின் இரு முனைகளிலும் பூச்சை முழுவதும் சுரண்டவும்'னு இருக்கு, கம்பி மேல இருக்குற கரண்ட் போகாத பூச்சு தான் அது. அப்படியே செஞ்சோம். 13 சுருள் ஊஞ்சல் மாதிரி ஆடிட்டு நின்னுடுச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் விர்ருனு சுத்துது! அது யாருதுன்னா, இருக்குறதுலயே சோம்பேறிப் பொண்ணு, ஒரு முனைய மேல் பக்கம் மட்டும் தேச்சுட்டு போதும்னு விட்டுட்டா. விஷயமே அதுல தான் இருக்கு. முழுசா சுரண்டுனா பாதி சுத்துல காந்தம் சுருள முன்னாடி தள்ளும், அடுத்த பாதில அதையே பின்னாடி தள்ளும், அதனால ஆடிட்டு நிக்கும். ஒரு முனைல பாதிப் பூச்ச விட்டுட்டா அந்த பாதி சுத்துல கரண்ட் போகாது, போன வேகத்துலயே மீதி சுத்த முடிச்சிடும். புக்லெட் தப்பா இருந்ததால வந்த நல்ல கிளாஸ் இது, இத ப்ளஸ்ல போடுறதா மைனஸ்ல போடுறதான்னு தெரியல.

மெழுகுவர்த்தி விஷயத்துல தான் எனக்கு கோவமே வந்துச்சு. தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவர்த்திய கொளுத்தி, மேல கிளாஸ கவுத்தா தண்ணி உள்ள ஏறும்ல, 'ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது, அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறும்'னு எழுதி வச்சிருக்காங்க. ஒரு ஒம்பது வயசு வாண்டு கேக்குது, "அக்கா, அணைஞ்சப்புறம் தானே தண்ணி சர்ருனு ஏறுச்சு?" சரின்னு ஒண்ணுக்கு பதிலா மூணு மெழுகுவர்த்தி வச்சுப் பாத்தோம், அதே கிளாஸ், தண்ணி இன்னும் மேல போச்சு. உள்ள இருக்குற ஆக்ஸிஜன் அதே அளவு தானே, அப்புறம் எப்படி? சூட்டுல காத்து விரிஞ்சு கொஞ்சம் வெளிய போயிடுது, அணைஞ்சதும் மிச்ச காத்து குளுந்து சுருங்குது, அந்த இடத்துக்கு தான் தண்ணி ஏறுது. ஆக்ஸிஜன் முழுசா தீர்றதுக்கு முன்னாடியே மெழுகுவர்த்தி அணைஞ்சிடும். மைக்கேல் ஃபாரடேங்குற விஞ்ஞானி 1860 கிறிஸ்துமஸ் சமயத்துல லண்டன்ல பசங்களுக்காக மெழுகுவர்த்தி ஒண்ண வச்சே ஆறு லெக்சர் குடுத்தாரு, இவங்க அத அரைப்பக்கத்துல முடிச்சிட்டாங்க, அதுவும் தப்பா.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. குட்டி நியோடிமியம் காந்தம் ஆறு இருக்கு, சைஸ் சின்னது ஆனா இழுவை ரொம்ப பலம், பெட்டில எச்சரிக்கைனு ஒரு வரி கிடையாது. சின்னப் புள்ளைங்க ரெண்ட முழுங்கிட்டா குடலோட ரெண்டு பக்கத்துலேர்ந்து ஒட்டிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். நான் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குறேன். தம்பி தங்கச்சிய கூட்டிட்டு வர்ற பசங்க இருந்தா அன்னைக்கு காந்தத்த எடுக்குறதே இல்ல.

வீட்ல ஒரு புள்ளைக்கு வாங்குனா தாராளமா வாங்கலாம், கூட உக்காந்து செய்ய ஆள் இருக்கணும். கிளாஸுக்குன்னா 5 பேருக்கு ஒரு பெட்டி கணக்கு, புக்லெட்ட பசங்க கண்ணுல காட்டாதீங்க. அப்புறம் உப்புத்தாள் தனியா வாங்கிக்கோங்க, பெட்டில வர்றது ஒரு விரல் அகலம் தான், மூணாவது ஆளுக்கே தேஞ்சு போச்சு.