கோல்டன் ஹேண்ட்ஷேக்கா, கடைசி நாள்வரை வேலையா?

கோல்டன் ஹேண்ட்ஷேக் என்பது ஓய்வு வயது வரும் முன்பே ஆளை அனுப்ப நிறுவனம் தரும் பெருந்தொகை. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் இருக்கும் 52 வயதுக்காரரிடம் விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினால்?

மொத்தப் பணம் கடனை அடைக்கும், மகள் கல்யாணத்துக்கும் உதவும். விதிப்படியான திட்டமென்றால் 5 லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆனால் பி.எஃப். ஓய்வூதியம் முழுசாகக் கிடைப்பது 58 வயதில்தான். முன்கூட்டியே வாங்கினால், 58-க்குக் குறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பும் ஆயுள் முழுக்க.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வேறு கணக்கு. 5 ஆண்டு முடித்தவருக்கு அது உரிமை. வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். அதையும் சேர்த்துத் தொகையைப் பெரிதாகக் காட்டினால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இருந்துவிட்டால் சம்பளமும் பி.எஃப். பங்கும் ஓடும். உடம்பு ஒத்துழைத்தால் அதுதான் நல்லது. ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர், நியாயமான தொகை வந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.