ஸ்பிட்ஃபயர் ஸ்டீயரிங்: அசல் ராக்கைச் சரிசெய்வதா, பவர் ஸ்டீயரிங் மாட்டுவதா?

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் மதுரைப் பக்கம் அபூர்வம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படியல்ல, இன்னும் சில வீட்டு ஷெட்டுகளில் நல்ல நிலையில் நிற்கிறது. இரண்டுக்கும் முன்சக்கர அமைப்பும் ஸ்டீயரிங்கும் ஒரே குடும்பம். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டின் உறுப்புகளை வைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டின் உருவமும் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. ஹெரால்டு 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் சென்னையிலேயே தயாரானதால், புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் இன்றைக்கும் சில பாகங்கள் கைக்கு வரும்.

என்னுடையது மார்க் 2 ஸ்பிட்ஃபயர். அதன் அசல் ராக்கை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் வெட்டிய கம்பியை, பிரித்துச் சரிசெய்து வைத்திருக்கிறேன். வாடிப்பட்டியில் இருக்கும் என் மச்சான் தன் ஹெரால்டுக்கு மாருதியிலிருந்து எடுத்த எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் தண்டை மாட்டிவிட்டார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகு எழுதுகிறேன். நான் அசல் ராக் கட்சி; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு இரண்டு யோசனைகளும் காதில் விழும். ஒன்று, மாருதி 800-இன் ராக்கையே கொண்டுவந்து மாட்டுவது. ராக்கின் இரு உள்மூட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம், சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளின் கணக்கோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். தவிர, ஸ்பிட்ஃபயர் 24 அடி வட்டத்துக்குள், அதாவது சுமார் 7.3 மீட்டருக்குள், முழுதாகத் திரும்பிவிடும். மாருதி 800-க்கு அந்த வட்டம் 8.8 மீட்டர். மதுரையின் நெரிசலான விளக்குத்தூண் பக்கம் போய்வந்தவர்களுக்கு அந்த ஒன்றரை மீட்டரின் அருமை தெரியும். ராக்கின் ஓட்டம் குறைந்தால் முதலில் பறிபோவது அதுதான். இன்னொன்று, இங்கிலாந்திலிருந்து குயிக் ராக் வரவழைப்பது. அசலில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று. குயிக் ராக்கில் சுற்று குறையும், கனம் கூடும். நான் அதை ஓட்டியதில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

பவர் ஸ்டீயரிங் கேட்பவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் கனம். ஆனால் இந்த வண்டியின் எடை சுமார் 700 கிலோ. முன்னால் இருப்பது 1147 சிசி எஞ்சின். இந்த எடைக்கு ஸ்டீயரிங் கனமாக இருக்கவே கூடாது. கனக்கிறது என்றால் எங்கேயோ ஏதோ காய்ந்திருக்கிறது, அல்லது இறுகியிருக்கிறது. அகல டயர் போட்டிருந்தாலும் கனக்கும். 13 அங்குலத்தில் 145 அளவே போதும். வேகன்ஆருக்கு வந்த அளவு என்பதால் இங்கேயே கிடைக்கும்.

எது இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இரு பக்கமும் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங்கைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள்; அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்புங்கள். என் வண்டியில் ராக் இரண்டு விரலுக்கே ஓடியது. வலது சக்கரமும் சரி. இடது சக்கரம் மட்டும் பாதித் திருப்பத்தில் முரண்டு பிடித்து, இரண்டு கையும் போட்டுத் தள்ளிய பிறகே நகர்ந்தது. அது ராக்கின் கோளாறே அல்ல. பவர் ஸ்டீயரிங் வைத்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

அந்த இடத்தில் இருப்பது ட்ரனியன். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை வெண்கலத்துக்குள் திரும்புகிறது. அங்கே ஊற்ற வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். 6,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 9,600 கிலோமீட்டருக்கு ஒரு முறை, என்பது கம்பெனி சொன்ன கணக்கு. நம் ஊர் மழைக்கும் புழுதிக்கும் நான் அதில் பாதித் தூரத்திலேயே ஊற்றிவிடுகிறேன்.

இங்கேதான் சர்வீஸ் ஸ்டேஷன்களில் தப்பு நடக்கிறது. ஆயில் போடும் துளையில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைச் சொருகிவிடுகிறார்கள். "நல்லா கிரீஸ் அடிச்சு விட்டிருக்கேன் தம்பி, ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக ஆக இறுகிக் கட்டியாகும். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் ஒரு முறை வண்டியை இறக்கினால், உள்ளே போன ஈரத்தை வெளியே தள்ள எதுவும் இருக்காது. எஃகு துருப்பிடிக்கும். திருப்பும்போது வழுக்க வேண்டிய மரை பிடித்துக்கொள்ளும். பிடித்ததை நாம் பலம் போட்டுத் திருப்பத் திருப்ப, ஒரு நாள் அந்தத் தண்டு மரை இருக்கும் இடத்திலேயே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் எல்லோரும் உலகமெங்கும் அஞ்சுவது இந்த ஒரு முறிவுக்குத்தான்.

முறிவதற்கு முன்னால் வண்டி தரும் எச்சரிக்கை ஸ்டீயரிங் கனம்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராமல் சோம்பும். நிறுத்திய இடத்தில் திருப்பினால் ஒரு பக்கம் மட்டும் அடம்பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் மோட்டார் இதையெல்லாம் தன் பலத்தால் அமுக்கிவிடும். கைக்கு வர வேண்டிய செய்தி வராது. பிடித்துக்கொண்ட மரையை நம் தோள் திருப்பினால் நாமே சந்தேகப்பட்டு நிறுத்துவோம், மோட்டார் சந்தேகப்படாது. நான் அசல் ராக்கோடு நின்றதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு பராமரிப்புக் கணக்கும் உண்டு. மோட்டார் ஸ்டீயரிங் தண்டில் உட்கார்ந்து உதவுவதால், அந்த விசை முழுவதும் கீழே உள்ள ரப்பர் கப்ளிங், பினியன் என்ற சிறு பல்சக்கரம் வழியாகத்தான் ராக்குக்குப் போகிறது. அவை மனிதக் கைக்காகச் செய்யப்பட்டவை. ஒரு முழு ஆண்டு ஓடிய பிறகு மச்சான் வண்டியின் பினியனைத் திறந்து பார்த்தால் எனக்கு உறுதியாகச் சொல்ல வரும். இப்போதைக்கு இது என் கவலை மட்டும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் 2 வரை ஸ்பிட்ஃபயர் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். டைனமோ தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பினால் பவர் ஸ்டீயரிங் மட்டுமே 30 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். ஆகவே எர்த்தை மாற்ற வேண்டும், ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டும். மாருதியின் கன்ட்ரோல் பெட்டி வேகத்தைத் தெரிந்துகொண்டு உதவியைக் கூட்டிக் குறைப்பது. நம் வண்டியில் அந்தத் தகவலைத் தர சென்சார் கிடையாது. மச்சான் வண்டியில் உதவி எப்போதும் ஒரே அளவு. நத்தம் சாலையில் 80-ஐத் தொடும்போது ஸ்டீயரிங் எனக்கு அளவுக்கு மீறி லேசாகத் தெரிந்தது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் என் வண்டி ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்கிறது. அவர் வண்டி சொல்லவில்லை.

அதற்காக அவர் செய்தது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். அந்த ஹெரால்டை ஓட்டுவது மாமாதான். அவருக்குத் தோள்பட்டை வலி. சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இடையே தினமும் போய்வருகிறார். பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் வண்டி ஷெட்டில் நின்றிருக்கும். மச்சானும் ட்ரனியன்களைத் திறந்து, துருவைப் பார்த்து, புதிதாக மாட்டிய பிறகே மோட்டாரில் கை வைத்தார். அந்த வரிசையில் செய்தால் எனக்கு ஆட்சேபமில்லை. 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்கள் மட்டும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நினைவில் வையுங்கள்.

அசல் ராக் வேலையில் என்ன அடங்கும் என்றால்: பினியன் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), ராக்கை அழுத்தும் ஸ்பிரிங், உள்மூட்டுகள், ரப்பர் பூட், டை ராடு எண்டுகள். ராக்கின் பல் நடுவில்தான் அதிகம் தேயும், ஓரங்களில் குறைவு. நடுவில் உள்ள பிளேவை (தளர்வை) முழுக்கப் போக்க ஷிம்மைக் குறைத்தால் ஓரங்களில் இறுகிவிடும். நடுவில் துளி பிளேவை விட்டுவைப்பதே நல்லது. ட்ரனியனை ஏற்றும்போது மரையை முழுக்க இறுக்கிவிட்டு, சக்கரம் இரு கோடிக்கும் தடையின்றித் திரும்பும் அளவு பின்னால் விடுங்கள். இரு பக்கத்துக்கும் மரைத் திசை வேறு, மாற்றிப் போட முடியாது. ஆயிலை மேல்பக்கம் கசியும்வரை ஊற்றுங்கள்.

ராக்கைச் சேஸியோடு பிடிக்கும் ரப்பர் மவுண்ட் எஞ்சின் ஆயில் பட்டு ஊறிப்போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அலுமினிய மவுண்ட் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும், கூடவே ஒவ்வொரு பள்ளமும் கையில் அடிக்கும். உசிலம்பட்டிப் பக்கம் உள்சாலைகளில் போவதால் நான் ரப்பரே போட்டேன். நான்குவழிச் சாலையோடு நிற்பவர்களுக்கு அலுமினியம் பிடிக்கலாம். எதைப் போட்டாலும் ராக் இரு பக்கமும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே யு-போல்ட்டை இறுக்குங்கள்.